மைக் கூவலுக்கு 5 ஹெர்ட்ஸ்: மீடிறனை நகர்த்தும் முறை

யாழ்ப்பாணத்தில் கோயில், கலியாணம், பட்டிமன்றம் என்று ஒலியமைப்புக்குப் போகிறவன் நான். "மைக் கூவாமல் இருக்க சுருதியைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சரிதானே அண்ணை?" என்று கூட வேலை செய்யும் பொடியள் கேட்பார்கள். நகர்த்த வேண்டியது மீடிறனை, அதாவது ஒலி விநாடிக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்பதை. அது வேறு வேலை.

200, 400, 600 ஹெர்ட்ஸ் உள்ள குரலின் சுருதியை 10 சதவீதம் கூட்டினால் 220, 440, 660 ஆகும். 1:2:3 என்ற விகிதம் குலையாது. மீடிறனை 50 நகர்த்தினால் 250, 450, 650. விகிதம் போய்விட்டது, குரலில் மணியோசை மாதிரி ஒரு உலோகத்தன்மை ஏறும். ஒடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளின் 'சேஞ்ச் பிட்ச்' செய்வது முதலாவதை மட்டுமே.

பதிவுசெய்த ஒலிக்கு நான் பைத்தன் நிரல்மொழியில் செய்கிறேன். 16 பிட் வேவ் கோப்பை வாசித்து, எண்களை 32768 ஆல் வகுத்துத் தசமமாக்குங்கள். பிறகு சைபை என்ற பைத்தன் நூலகத்தில் இருக்கும் ஹில்பர்ட் செயல்கூறுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு மீடிறனையும் 90 பாகை பின்தள்ளி, அதைக் கற்பனைப் பகுதியாகச் சேர்த்துத் தரும். அதில் மறை (மைனஸ்) மீடிறன்கள் இருக்காது, விசயமே அதுதான். வெறும் ஒலியைச் சைன் அலையால் பெருக்கினால் நகர்வைக் கூட்டிய மீடிறனும் கழித்த மீடிறனும் இரண்டும் சேர்ந்து வரும். அது ரிங் மொடியுலேசன். ஹில்பர்ட் தந்த சிக்கலெண்களை, 2π × நகர்வு × நேரம் என்ற கோணத்தில் சுழலும் சிக்கலெண்ணால் பெருக்கி மெய்ப்பகுதியை எடுத்தால் முடிந்தது. கீழே இறக்க, நகர்வை மறை எண்ணாகக் கொடுங்கள்.

ஸ்டீரியோ கோப்பில் ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் சொல்லாவிட்டால் அந்தச் செயல்கூறு கடைசி அச்சில்தான் (axis) ஓடும். அதாவது நேரத்தின் வழியே போகாமல் இடது, வலது என்ற இரண்டு எண்களுக்குக் குறுக்கே போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. கற்பனைப் பகுதி முழுக்கப் பூச்சியமாகி, ரிங் மொடியுலேசன்தான் கையில் கிடைக்கும். அச்சு 0 (axis=0) என்று எழுதிவிடுங்கள்.

200 ஹெர்ட்ஸ் இறக்குவதென்றால் முதலில் 200 இற்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் 120 இல் இருந்தது பூச்சியத்தைத் தாண்டி, மடிந்து 80 இல் கேட்கும். ஏற்றும்போதும் இதே கதைதான்: மாதிரி வீதம் (sample rate) 44100 என்றால் 22050 ஐத் தாண்டுவது திரும்பி விழும்.

இனி கூவல். ஸ்பீக்கரில் வந்தது மைக்குக்குள் போய், மண்டபத்துக்குப் பிடித்த ஒரே மீடிறனில் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் கூவல். ஒவ்வொரு சுற்றிலும் 5 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் அந்த உச்சியில் நிற்க முடியாமல் பள்ளத்துக்குப் போய்விடும். பெல் ஆய்வுகூடத்தில் இருந்த மான்ஃபிரட் ஷ்ரோடர் 1964 இல் இதை எழுதினார். சில டெசிபெல் கூடுதலாக ஏற்றலாம், அவ்வளவுதான். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துவிட்டு இதை நம்பக்கூடாது.

பட்டிமன்றத்துக்கும் பிரசங்கத்துக்கும் தாராளமாகப் போடலாம், 5 ஹெர்ட்ஸைப் பேச்சில் யாரும் கவனிக்கமாட்டார்கள். நாதஸ்வரத்துக்குப் போடவே கூடாது. 260 இல் உள்ள ச 265 ஆகும். 520 இல் உள்ள மேல் ச 525 தான் ஆகும், 530 ஆகாது. நேரே வரும் வாத்திய ஒலியோடு அது மோத, விநாடிக்கு 5 அடிப்பு கேட்கும். மேளகாரர் திரும்பிப் பார்க்கிற பார்வையே போதும்.

மேடையில் நேரடியாகச் செய்ய மேலே சொன்ன முறை சரிவராது, அதற்கு முழுக் கோப்பும் முன்னாலேயே வேண்டும். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் முழுப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மீடிறன் நகர்த்தி உள்ளேயே இருக்கிறது. மூல ஒலியைக் கலக்காமல், நகர்த்தியதை மட்டும் வெளியே விடுங்கள். கலந்தால் பேச்சு முழுவதும் ஏறி இறங்கி நடுங்கும்.