மழைநாளில் சுவர் சுவிட்சை மீறும் ஆட்டோமேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 3 இரவு. மிக்ஜாம் புயலின் மழை சென்னையில் கொட்ட ஆரம்பித்திருந்தது. கரண்ட் இன்னும் போகவில்லை. தெருத் தண்ணீர் சம்ப் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்குவதைப் பார்த்த அம்மா, உடனே மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் மோட்டார் தானாக ஓடியது. "நான்தான் ஆஃப் பண்ணேனே, மறுபடியும் ஏன்டா ஓடுது?" என்று கேட்டார்.

மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டாரைப் போடச் சொல்லி ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் ரூல் எழுதி வைத்திருந்தது நான்தான். நான் கவனித்து நிறுத்துவதற்குள் சாக்கடை கலந்த தண்ணீர் மேலே ஏறிவிட்டது. தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டுச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அதுவரை குடிக்க மட்டுமில்லை, பாத்திரம் கழுவக்கூட கேன் தண்ணீர்தான்.

அந்த ரூல் "மோட்டார் அணைந்திருக்கிறதா?" என்று மட்டும் பார்த்தது. யார் அணைத்தார்கள் என்று பார்க்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு மாற்றத்தோடும் கான்டெக்ஸ்ட் என்று ஒரு குறிப்பை வைத்திருக்கும். ரூல் செய்த மாற்றம் என்றால் அதில் பேரன்ட் ஐடி இருக்கும். ஆப்பில் யாராவது தொட்டிருந்தால் யூசர் ஐடி இருக்கும். சுவரில் கை வைத்துப் போட்டதென்றால் வழக்கமாக இரண்டும் காலியாக இருக்கும். அப்படி வந்தால் ஒரு டாகிள் ஹெல்பரை (ஹோம் அசிஸ்டன்டுக்குள் நாமே உருவாக்கும் ஆன்/ஆஃப் குறி) ஆன் செய்து, அது ஆனில் இருக்கும்வரை எந்த ரூலும் அந்தச் சாதனத்தைத் தொடாதபடி எழுதலாம். படிக்கட்டு விளக்குக்கு இரண்டு மணி நேரத்தில் அந்தத் தடை தானாக நீங்கலாம். மோட்டாருக்கு வேண்டாம், அதை மனிதர்தான் நீக்க வேண்டும்.

மோட்டாருக்கு இதைவிட நம்பகமான வழி ஒயரிங்கிலேயே இருக்கிறது. சுவர் சுவிட்சையும் ரிலேவையும் (ரூல் சொன்னபடி கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்ச்) ஒரே லைனில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துவிட்டால், சுவிட்சை அணைத்தபின் எந்த ரூலாலும் மோட்டாரைப் போட முடியாது. எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

அவரே இன்னொன்றையும் காட்டினார். ரிலே இருக்கும், சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் சின்ன மாட்யூலில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ரிலேவின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஆப் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) போடாமல் மோட்டாரை ரிலேவில் மாட்டாதீர்கள்.

அடுத்தது டிடாச்ட் மோட். ஷெல்லி என்ற பிராண்ட் மாட்யூல்களிலும், டாஸ்மோட்டா என்ற மென்பொருள் ஓடும் மாட்யூல்களிலும் சுவிட்சை ரிலேவிலிருந்து பிரித்து, அழுத்தினால் ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சர்வருக்குச் செய்தி மட்டும் போகும்படி வைக்க முடியும். ஒரே தட்டலில் பல விளக்குகளின் அமைப்பை மாற்ற வசதியாக இருக்கிறதென்று பலர் வீடு முழுக்க இதையே வைத்துவிடுகிறார்கள். புயலில் ரூட்டரோ சர்வரோ படுத்துவிட்டால், மாட்யூலுக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தாலும் சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. விளக்குகளுக்கு நேரடி இணைப்பையே வையுங்கள், ரூட்டரையும் சர்வரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். ஸ்மார்ட் பல்பு மாட்டிவிட்டு, யாரும் அணைத்துவிடக் கூடாதென்று சுவிட்சின் மேல் டேப் ஒட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

கரண்ட் போய்ப் போய் வரும் இரவுகளுக்கு இரண்டு அமைப்புகளைப் பார்த்துவிடுங்கள். டாஸ்மோட்டாவில் பவர்ஆன்ஸ்டேட் என்பது இயல்பாக 3, அதாவது கரண்ட் வந்ததும் கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பும். மோட்டார் ஓடும்போது கரண்ட் போயிருந்தால், நடுராத்திரி அது வந்தவுடன் மோட்டாரும் ஓடும். மோட்டாருக்கும் கீசருக்கும் அதை 0 என்று வையுங்கள். இன்னொன்று: சில நொடி இடைவெளியில் கரண்ட் ஆறு தடவை போய்வந்து ஏழாவது முறை நிலைத்தால், மாட்யூல் தன் அமைப்புகளையெல்லாம் அழித்துக்கொண்டு புதிதாகிவிடும். பழுது நீக்க வைத்த வசதி, புயல் இரவில் நமக்கு எதிராகவே திரும்பக்கூடும். செட்ஆப்ஷன்65 என்பதை 1 ஆக்கினால் அது நின்றுவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆப்பில் ஆஃப் என்று காட்டுவதை நம்பி ஈரமான பிளக்கையோ மோட்டாரையோ தொடாதீர்கள். மாட்யூலுக்குள் இருக்கும் ரிலே ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். ஃபேஸும் நியூட்ரலும் மாறி இணைந்திருந்தால் அணைத்த பிறகும் 230 வோல்ட் அங்கேயே நிற்கும். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போல் தெரிந்தால், தரை காய்ந்திருக்கும்போதே மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீர் வந்துவிட்டதென்றால் அதில் நின்றுகொண்டு போர்டைத் தொட வேண்டாம், தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிட்டுத் தெருவின் சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரூட்டரைப் பிடுங்கி, சர்வரையும் அணைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவரை ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை செய்தபோது 11 சுவிட்சுகளில் 3 வேலை செய்யவில்லை. அதில் ஒன்று, அப்பா ராத்திரியில் இரண்டு முறை எழுந்து போகும் பாத்ரூம் விளக்கு.