வினையை விட்டால் பொருளும் போய்விடும்: பேச்சு வழக்குச் சொற்களைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சு வழக்குச் சொற்களைத் தொகுக்க ஆரம்பித்திருக்கும் இரண்டு பேர் தங்கள் பட்டியலைப் பார்க்கக் கொடுத்தார்கள். 'மொக்கை: சுவாரசியம் இல்லாதது' என்று ஒரே வரி. 12 வருடங்களுக்கு முன் நான் சொற்களை எழுதி வைத்த அட்டையிலும் இதே வரிதான் இருந்தது. எழுத்துப் பிழை, அகர வரிசையெல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். எனக்குக் கவலை வேறு.

பெயரை எழுதி வினையை விடுவது

மொக்கை என்றால் முதலில் மழுங்கியது. மொக்கைக் கத்தி, மொக்கை பிளேடு, முனை தேய்ந்த மொக்கைப் பென்சில். கத்திக்குக் கூர் போனால் வெட்டாது, ஜோக்குக்குக் கூர் போனால் சிரிப்பு வராது. அப்படித்தான் மொக்கை ஜோக்கும் மொக்கைப் படமும் வந்தன. ('அறுவை', 'பிளேடு' என்று சலிப்பைச் சொல்லும் மற்ற சொற்களும் கத்தியைச் சுற்றியே இருப்பதைக் கவனியுங்கள்.)

இதுவரை சரி. வினையோடு சேர்ந்ததும் சொல் கிளை விடுகிறது. 'ஒரு மணி நேரம் மொக்கை போட்டான்' என்றால் பேசியே அறுத்தான். 'மொட்டை மாடியில் மொக்கை போட்டுக்கொண்டிருந்தோம்' என்றால் சும்மா அரட்டை, அதில் குறை சொல்லவே இல்லை. 'மொக்கை வாங்கினான்' என்றால் மூக்குடைபட்டான்.

நான் 'மொக்கை' என்று மட்டும் தலைச்சொல் போட்டு, கீழே சலிப்பு என்று எழுதி வைத்திருந்தேன். வசனங்களை மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டபோது அந்த அட்டையைத்தான் படித்துச் சொன்னேன். காதலைச் சொல்லப்போய் மொக்கை வாங்கித் திரும்புகிறவன், மொழிபெயர்ப்பில் சலித்துப்போய்த் திரும்பினான். அந்தக் காட்சியே செத்துவிட்டது.

திருத்தலாம் என்று உட்கார்ந்தபோதுதான் நஷ்டம் தெரிந்தது. ஏறக்குறைய 600 அட்டைகள், எல்லாவற்றிலும் வெறும் பெயர்ச்சொல். காதில் விழுந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பேருந்தில் பேசிய அந்த ஆட்களை எங்கே போய்ப் பிடிப்பது? பாதியைத் தூக்கிப் போட்டேன். அதனால்தான் இந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

பல்பு எரிந்தால் வெளிச்சம், 'பல்பு வாங்கினால்' அவமானம், 'பல்பு கொடுத்தால்' அடுத்தவருக்கு அவமானம். 'ரீல் விடுகிறான்' என்றால் பொய் சொல்கிறான். 'ரீல்ஸ் போடுகிறான்' என்றால் 2020-இல் இன்ஸ்டாகிராமில் வந்த குறுங்காணொளி. இப்போது என் அட்டை இப்படி இருக்கும்: 'மொக்கை வாங்கு. "கேட்டான், மொக்கை வாங்கிட்டு வந்தான்." சொன்னவருக்கு இருபது வயதிருக்கும். நண்பனைப் பற்றி, அவன் எதிரிலேயே, சிரித்துக்கொண்டு.' கேட்ட தேதியும் உண்டு.

பழைய பொருள் செத்துவிட்டது என்று நினைப்பது

'சரக்கு' என்றாலே மது என்று எழுதிவிடுகிறார்கள். 2017 ஜூலையில் அமலான வரிக்குப் பெயரே சரக்கு மற்றும் சேவை வரிதான். ஒரே ஆள் காலையில் அந்த வரியைக் கட்டி, மாலையில் ஒரு பேச்சாளரைக் கேட்டுவிட்டு 'மனுஷனிடம் சரக்கு இருக்கிறது' என்று மெச்சி, இரவில் 'சரக்கு இருக்கா?' என்று கிசுகிசுக்கலாம். மூன்று பொருளும் ஒரே நாளில் உயிரோடு இருக்கின்றன.

திட்டு என்று முடிவுகட்டுவது

வெறித்தனம், பயங்கரம், மிரட்டல். நேற்றுவரை கண்டிக்கப் பயன்பட்ட சொற்கள், இன்று அதே வாயில் பாராட்டு. யார் யாரிடம் சொன்னார் என்று குறிக்காமல் விட்டால், இரண்டில் எது என்று பிறகு சொல்லவே முடியாது.

தோற்றக் கதையை நம்புவது

'ஓசி' கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தபால் முத்திரையிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்து வாக்கியம் ஒன்றைக் காட்டுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

சினிமாதான் உருவாக்கியது என்பது

பரப்பியிருக்கும். அதற்கு முன் யார் வாயில் இருந்தது என்று தேடுங்கள்.