ரயில் ஓடாத தடத்தில் கிராவல் சைக்கிள்: ஸ்பெயின் கிராமப்புறத்தில் முதல் சவாரிக்கு ஒரு வழிகாட்டி

பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்காமல் நாள் முழுக்க சைக்கிள் மிதிக்க வேண்டும் என்றால், ஐரோப்பாவில் நான் முதலில் கைகாட்டுவது ஸ்பெயினின் உள்பகுதியைத்தான். அங்கே பல கிராமங்களிலிருந்து ஜனங்கள் மாட்ரிட், பார்சலோனா, பில்பாவ் என்று பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். வயலுக்கும் ஆலிவ் தோப்புக்கும் போட்ட மண்சாலைகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. ஒரு டிராக்டர், ஒரு ஆட்டு மந்தை, அவ்வளவுதான் போக்குவரத்து.

ஆனாலும் கிராவல் சைக்கிளை, அதாவது சரளையிலும் மண்ணிலும் ஓட்டத் தோதான அகல டயர் சைக்கிளை, புதிதாக ஓட்ட ஆரம்பிப்பவர்கள் நேராக அந்த மண்சாலைகளில் இறங்க வேண்டாம். முதல் சவாரியை ஒரு பழைய ரயில் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லிவிட்டு, படிப்படியாகப் போகலாம்.

படி 1: தடத்தைத் தேர்ந்தெடுப்பது

கைவிடப்பட்ட ரயில் தடங்களை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பாதைகளாக மாற்றும் திட்டம் ஸ்பெயினில் 1993-இல் தொடங்கியது. இந்தப் பாதைகளுக்கு அங்கே ‘வியா வெர்தே’ என்று பெயர். நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கார், பைக்குக்கு அனுமதி இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது என்பதால், மலைப்பகுதியில்கூட இவை மெதுவாகவே ஏறும், மெதுவாகவே இறங்கும். வளைவுகளும் அகலமானவை. சரளையில் சைக்கிள் எப்படி நடந்துகொள்கிறது என்று பயமில்லாமல் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் சவாரிக்கு நான் சொல்வது தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியா பகுதியில் உள்ள வியா வெர்தே தெ லா சியர்ரா. ஒல்வேரா என்ற வெள்ளைச் சுவர் ஊருக்கும் புவெர்த்தோ செர்ரானோவுக்கும் இடையே 36 கி.மீ. வழியில் 30 சுரங்கங்கள், பள்ளத்தாக்குகளுக்கு மேலே 4 பெரிய பாலங்கள். ஹெரெஸையும் அல்மார்ஹெனையும் இணைக்க 1920-களில் ஆரம்பித்த ரயில் பாதையின் ஒரு பகுதி இது. மலையைக் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள், நிலையக் கட்டடங்களும் எழுந்தன. ஆனால் வேலை முடியவே இல்லை, ஒரு ரயிலும் ஓடவில்லை. அத்தனை பேர் பட்ட பாடு வீணாகாமல் இன்று நமக்குப் பாதையாகக் கிடைத்திருப்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

ஒரு யோசனை. ஒல்வேரா பக்கம் உயரம், புவெர்த்தோ செர்ரானோ பக்கம் தாழ்வு. அதனால் புவெர்த்தோ செர்ரானோவில் கிளம்புங்கள். காலையில் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டால், திரும்பும்போது தடமே உங்களைக் கீழே இறக்கிக் கொண்டுவரும். போய்வர 72 கி.மீ. முழுவதையும் முதல் நாளே முடிக்க வேண்டியதில்லை. கோரிப்பே நிலையம் வரை போய்த் திரும்பினாலே நல்ல சவாரி. கால் ஒத்துழைத்தால், பாதித் தூரம் தாண்டி வரும் சாஃப்ரமகோன் பாறை வரை போகலாம். அந்தச் செங்குத்துப் பாறையில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. வெயில் ஏறி காற்று சூடானதும், இரண்டரை மீட்டர் சிறகை விரித்து ஒவ்வொன்றாக மேலே எழும்பும். அங்கே அரை மணி நேரம் நிற்கத் தயங்காதீர்கள்.

படி 2: சைக்கிள், அதைவிட முக்கியமாக டயர்

விலை உயர்ந்த கிராவல் சைக்கிள் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரயில் தடத்துக்குச் சாதாரண மலைச் சைக்கிளே போதும். கிராவல் சைக்கிள் இருந்தால் டயர் 40 மி.மீ. அகலமாவது இருக்கட்டும்.

காற்றழுத்தத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். தார்ச்சாலைப் பழக்கத்தில் கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு வருவார்கள். அப்படி வந்தால் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. 70 கிலோ எடை உள்ளவர், 40 மி.மீ. டயரில் டியூப் போட்டிருந்தால், பின்சக்கரம் 40 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு), முன்சக்கரம் 36 என்று ஆரம்பிக்கலாம். டியூப் இல்லாத டயரென்றால் இன்னும் ஐந்து குறைக்கலாம்.

சரிதானா என்று இப்படிப் பாருங்கள். கட்டைவிரலால் டயரை அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். அப்புறம் சைக்கிளில் உட்கார்ந்து, விளிம்புள்ள ஒரு கல்மேல் மெதுவாக ஏற்றுங்கள். ‘டக்’கென்று இரும்பில் அடித்த சத்தம் கேட்டால் காற்று குறைவு, மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள். குறைந்த காற்றோடு கல்லில் மோதினால் டியூப் சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும்.

மாற்று டியூப், டயர் நெம்பி, கைப்பம்ப், பஞ்சர் ஒட்டு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். வழியில் கடை கிடையாது.

படி 3: நேரமும் தண்ணீரும்

மார்ச் முதல் மே வரை, பிறகு அக்டோபர், நவம்பர். கோடையில் ஆந்தலூசியாவின் உள்பகுதியில் 40 டிகிரி சாதாரணம். நம் ஊர் வெயில் பழக்கமிருந்தாலும் அந்த வறண்ட சூட்டில் சைக்கிள் வேண்டாம்.

முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு கட்டாயம். ஊர்க் குழாய்களில் தண்ணீர் பிடிக்கலாம். ஆனால் ‘நோ பொத்தாப்லே’ என்று பலகை இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. மதியம் இரண்டு மணி வாக்கில் சின்ன ஊர்க் கடைகள் மூடினால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை திறக்காத கடைகளும் உண்டு. அதனால் காலையில் கிளம்பும் ஊரிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். வாட்டிய ரொட்டிமேல் அரைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் உப்பு, கூடவே ஒரு காபி. அந்தப் பகுதியில் எந்தத் தேநீர்க்கடையிலும் கிடைக்கும் காலை உணவு இது. இரண்டு மணி நேரம் தாங்கும்.

படி 4: சரளையில் ஓட்டும் முறை

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். முன்சக்கரம் சற்றே அங்கும் இங்கும் அலையும். அலையட்டும், அதுவே நேராகிவிடும். பார்வை முன்சக்கரத்தின் மேல் இல்லாமல் பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழியையே பார்த்தால் சைக்கிள் குழிக்குத்தான் போகும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போனபிறகு முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காமல் உட்கார்ந்தே மிதியுங்கள். உடல் எடை பின்சக்கரத்தில் இருந்தால்தான் அது மண்ணைப் பிடிக்கும்.

படி 5: சுரங்கங்கள்

இந்தத் தடத்தின் நீளமான சுரங்கம் 990 மீட்டர். சிலவற்றில் விளக்கு உண்டு, ஆனால் அதை நம்பிப் போகக்கூடாது. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு இரண்டும் உங்களிடமே இருக்கட்டும்.

வாயிலில் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். வெயிலிலிருந்து திடீரென உள்ளே போனால் சில நொடிகளுக்கு எதுவும் தெரியாது. அந்த நேரத்தில்தான் எதிரே குழந்தையோடு ஒரு குடும்பம் நடந்து வரும். மணியடித்து, வலப்பக்கம் ஒதுங்கி, நடையைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் போங்கள். உள்ளே சட்டென்று குளிரும், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரில் தரை ஈரமாக இருக்கும், அங்கே பிரேக்கை மெதுவாகத் தொட்டால் போதும். ஊருக்கு வெளியே சாலைகளில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். தடத்திலும் அதைக் கழற்ற வேண்டாம். அவசர உதவிக்கு எண் 112.

படி 6: அடுத்து எங்கே?

இரண்டு மூன்று சவாரிகளில் கை பழகிவிடும். பார்சலோனா பக்கம் இருப்பவர்களுக்கு ஓலோத்–ஹிரோனா தடம் 54 கி.மீ.; எரிமலைப் பகுதியிலிருந்து இறங்கி ஹிரோனா நகரத்துக்கே வந்துவிடும். ஒரு காலத்தில் ஆலிவ் எண்ணெய் ஏற்றிப்போன ரயிலின் தடம் ஆந்தலூசியாவின் ஹாயேன் நகரத்திலிருந்து கிளம்பி, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே, பழைய இரும்புப் பாலங்கள் வழியாக 120 கி.மீ.க்கு மேல் போகிறது. இரண்டு நாள் வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

அதற்கப்புறம் மண்சாலைகளும் மந்தைவழிகளும். மந்தைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன பழைய வழிகளை 1995-இல் வந்த சட்டம் பொதுச் சொத்தாகப் பாதுகாக்கிறது. பெரிய வழிகள் 75 மீட்டர் அகலம் வரை இருக்கும். சைக்கிளில் போகலாம், ஆனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் முதலிடம். மந்தையோடு பெரிய காவல் நாய்கள் நின்றால் உடனே இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி நடந்து போங்கள். வேகமாக மிதித்துத் தப்பப் பார்த்தால் துரத்தும்.

படல் மூடியிருந்தால் திறந்து போய், திரும்ப மூடிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் களிமண் சாலைக்குப் போகாதீர்கள். சேறு சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சைக்கிள் நகரவே நகராது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வார இறுதிகளில் வேட்டை நடக்கும். பாதை முகப்பில் அறிவிப்புப் பலகையும் கார்களும் வரிசையாகத் தெரிந்தால், அன்றைக்கு அந்த வழியை விட்டுவிட்டு ரயில் தடத்துக்கே போய்விடுங்கள்.