சர்டிஃபிகேட்ட மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க மக்கா

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நிறைய பிள்ளைங்க இன்டர்ன்ஷிப்னா ரிப்போர்ட்டுக்கு ஒரு சீல் வச்ச பேப்பர்னுதான் நினைக்காங்க. நீங்க வேலை செய்யுதத கண்ணால பாத்த சீனியர் ரெண்டு பேரு அந்த கம்பெனியில இருக்காங்க, பின்னாடி உங்க பேர எடுத்து சொல்லப்போறது அவங்கதான்.

அதனால போனதும் கூட்டாளிகளோட ஒட்டிக்கிட்டே இருக்காம, மென்டர் (அங்க உங்கள வழிநடத்துறவரு) நேரமில்லாம தள்ளிப்போட்டுட்டே வர்ற ஒரு வேலைய கேட்டு வாங்குங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி (காற்றாலை) கம்பெனிக்கு போறீங்கன்னு வைங்க, மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரை காத்து சீசன், டெக்னீசியன் அண்ணனுக்கு நின்னு பேச நேரம் இருக்காது, அப்போ போயி புக்ல உள்ள கேள்வியா கேக்காம எந்த மெஷின் எந்த எரர்ல எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு ஒரு எக்செல் ஷீட்டா போட்டு குடுங்க, அது அவங்களுக்கு நிஜமாவே உதவும், உங்களயும் மறக்கமாட்டாங்க. திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி கம்பெனிக்கு போறவங்களுக்கு டெஸ்டிங், டாக்குமென்ட் எழுதுறது, யாரும் தொடாத பழைய பக் (சாஃப்ட்வேர்ல உள்ள தப்பு) இதெல்லாம் இருக்கும். செஞ்சத அன்னன்னைக்கே நோட்ல எழுதி வைங்க, இன்டர்வியூல அதத்தான் தோண்டி கேப்பாங்க.

கடைசி வாரம் ரொம்ப முக்கியம். மென்டர்ட்ட பத்து நிமிஷம் கேட்டு வாங்கி "சார், நான் இன்னும் எதுல தேறணும்?"னு கேளுங்க, லிங்க்ட்இன்ல ரெண்டு வரி எழுதி தர முடியுமான்னும் கூச்சப்படாம கேளுங்க. பிளான்ட் போட்டோ, சாஃப்ட்வேர் கோட் எதையும் கேக்காம போஸ்ட் பண்ணிராதீங்க, இருக்கிற நல்ல பேரும் போயிரும்.

வந்த பிறகுதான் பலபேரு விட்டுருவாங்க. திடீர்னு "அண்ணா வேலை இருக்கா"ன்னு மட்டும் மெசேஜ் போட்டா யாருக்கும் என்ன பதில் சொல்லன்னு தெரியாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவ "சார், நீங்க சொன்ன மெஷின் கன்ட்ரோல் பிஎல்சி கோர்ஸ் முடிச்சேன், ப்ராஜெக்ட்ல இத செஞ்சிருக்கேன்"னு ரெண்டு வரி போதும், அப்புறம் வேகன்சி வந்தா ரெஃபர் பண்ணுங்கன்னு கேக்க உங்களுக்கும் வாய் வரும்.

டிகிரி, டிப்ளமோ முடிச்சிட்டீங்கன்னா நாட்ஸ் (NATS) போர்ட்டல்ல, அதாவது மத்திய அரசோட அப்ரன்டிஸ் பயிற்சி வெப்சைட்ல, பதிஞ்சு வைங்க, 1961 அப்ரன்டிஸ் சட்டத்துக்கு கீழ வர்ற பயிற்சி, ஸ்டைபன்ட் உண்டு, பெர்மனன்ட் ஆக்குவாங்கன்னு உறுதி கிடையாது. இன்டர்ன்ஷிப் பாத்த கம்பெனியில அப்ரன்டிஸ் எடுக்காங்களான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்ட்ட கேட்டுருங்க.