வாங்கெல் எஞ்சினை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாங்கெல் எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக, முக்கோணம் போன்ற ரோட்டர் (சுழலி) ஓர் உறைக்குள் சுழன்று தண்டைச் சுழற்றுகிறது. அந்த ரோட்டரை ரூலோ முக்கோணம் என்று சொல்வதுதான் மிகப் பரவலான தவறு. மூன்று வட்ட விற்களால் ஆன ரூலோ முக்கோணம் எத்திசையில் அளந்தாலும் ஒரே அகலம் கொண்டது. வாங்கெல் ரோட்டருக்கு அந்தப் பண்பு தேவையே இல்லை. அதன் மூன்று முனைகளும் உறையின் உட்சுவரை ஒட்டியே செல்ல வேண்டும், பக்கங்கள் சுவரில் இடிக்கக் கூடாது என்பவையே நிபந்தனைகள். நிலையான வட்டமொன்றின் வெளிப்புறத்தில் அதன் பாதி ஆரமுள்ள வட்டம் உருளும்போது, உருளும் வட்டத்தினுள் குறித்த ஒரு புள்ளி வரையும் எபிட்ரோகாய்டு என்ற வளைகோடே அந்த உட்சுவருக்கு அடிப்படை. ஜப்பானிய கார் நிறுவனமான மஸ்தாவின் 13பி என்ற வாங்கெல் எஞ்சினில் ரோட்டரின் மையத்திலிருந்து முனைக்கு 105 மி.மீ., தண்டின் மையவிலகல் (தண்டின் மையத்துக்கும் ரோட்டரின் மையத்துக்கும் உள்ள தொலைவு) 15 மி.மீ. இந்த அளவுகளில் ரூலோ வில்லின் நடுப்பகுதி ரோட்டரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 77 மி.மீ. தொலைவில் அமையும்; சுவரின் ஒடுங்கிய இடுப்போ 75 மி.மீ.க்கு மேல் இடம் தராது. அசல் ரூலோ முக்கோணத்தைப் பொருத்தினால் எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றாது.

தண்டின் வேகத்தையே ரோட்டரின் வேகமாகக் கருதுவதும் பிழை. ரோட்டரின் உட்பற்சக்கரமும் உறையோடு பிணைந்த பற்சக்கரமும் 3:2 விகிதத்தில் இருப்பதால், தண்டு நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும்போது ரோட்டர் 3,000 முறையே சுழல்கிறது. இப்பற்சக்கரங்கள் ரோட்டரின் நிலையை நெறிப்படுத்துவதற்கே உள்ளன. எரியும் வாயுவின் அழுத்தம் தாங்கி (பேரிங்) வழியாக நேரே தண்டுக்குச் செல்கிறது.

வரலாற்றில், முதல் உலகப் போர் விமானங்களின் நோம் போன்ற சுழல் எஞ்சின்களை இதன் முன்னோடிகளாகக் காட்டுவது பொருந்தாது. அவற்றில் நிலையான தண்டைச் சுற்றி சிலிண்டர்களே சுழன்றன, பிஸ்டன்கள் வழக்கம்போலவே இயங்கின. முழுப் பெருமையையும் ஃபெலிக்ஸ் வாங்கெலுக்கே அளிப்பதும் நியாயமாகாது. 1957-இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் ஓடிய அவருடைய எஞ்சினில் உள் உறையும் ரோட்டரும் சேர்ந்தே சுழன்றன. உறையை அசையாமல் நிறுத்தி, பின்னாளில் கார்களில் இடம்பெற்ற வடிவத்தை உருவாக்கியவர் அங்கிருந்த பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே; வாங்கெலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

ரோட்டரின் முனைகளில் பொருத்தப்பட்டு வாயு கசியாமல் தடுக்கும் முனை சீல்களின் தேய்மானத்துக்கு உலோகத்தை மட்டும் குறை கூறுவோரும் வடிவியலை மறந்துவிடுகிறார்கள். 13பி-யில் சீல் சுவரைத் தொடும் கோணம் ஒவ்வொரு சுற்றிலும் இருபுறமும் ஏறத்தாழ 25 பாகை வரை சாய்கிறது. தொடக்ககால எஞ்சின்களில் அதிர்ந்த சீல்கள் சுவரில் அலைத் தழும்புகளைக் கீறின. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான மஸ்தா குழு சீலின் அதிர்வெண்ணை மாற்றியும், பின்னர் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்களைப் பயன்படுத்தியும் அதைச் சமாளித்த பிறகே, 1967-இல் வாங்கெல் எஞ்சின் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.