பெரிய அதிகாரியிடம் பேசப் போகும் இன்டர்ன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையிலோ இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கிலோ இன்டர்ன்ஷிப் செய்கிறீர்கள், அங்கே ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) பத்து நிமிஷம் பேச ஒத்துக்கொண்டார் என்றால் அது பெரிய வாய்ப்பு. அதைப் பலர் "சார், வாழ்க்கையில முன்னேற என்ன பண்ணணும்?" என்று கேட்டே தீர்த்துவிடுகிறார்கள். அவர் என்ன சொல்வார்? நேரத்துக்கு வா, நல்லா உழை, இங்கிலீஷ் கத்துக்க. இதை வீட்டில் அப்பாவே சொல்லியிருப்பார்.

அவரிடம் மட்டும் கிடைப்பது, ஒரு சிக்கல் வந்தால் எப்படி யோசித்து முடிவெடுக்கிறார் என்பதுதான். அதைக் கேட்க வேண்டுமானால் நீங்கள் முதலில் ஷாப் ஃப்ளோரில், அதாவது உற்பத்தி நடக்கும் இடத்தில், நின்று எதையாவது கவனித்திருக்க வேண்டும். நைட் ஷிஃப்டில் மட்டும் தரமில்லை என்று ஒதுக்கும் சரக்கு, அதாவது ரிஜெக்‌ஷன் கூடுவதை ரிஜிஸ்டரில் பார்த்தீர்கள் என்று வையுங்கள். "சார், இதுல நீங்க முதல்ல மெஷினைப் பார்ப்பீங்களா, வந்த மெட்டீரியலைப் பார்ப்பீங்களா, ஆளைக் கேட்பீங்களா, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறிவிடும். முன்பு இதே மாதிரி எங்கே சறுக்கினார், யார் திருத்தினார்கள் என்பதெல்லாம் தானாக வரும். எனக்கு இதுதான் இன்டர்ன்ஷிப்பின் முழுப் பலன் என்று தோன்றுகிறது.

மரியாதை என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பதும் தவறுதான். புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள், அவரும் மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்தவராக இருக்கலாம்.

அப்புறம், முதல் சந்திப்பிலேயே வேலை கேட்பது. மாமாவுக்குத் தெரிந்தவர், நம்ம ஊர்க்காரர் என்ற உரிமையில் பயோடேட்டாவை நீட்டினால் அவருக்குச் சங்கடம், உங்களுக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. 1961-ஆம் வருஷ அப்ரெண்டிஸ் சட்டமே பயிற்சி முடித்த எல்லோருக்கும் வேலை கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆள் எடுக்கும் விதம் என்ன என்பதை ஹெச்.ஆரிடம் கேளுங்கள், அதுதான் சரியான இடம்.

இன்னொன்று, அவர் வந்த வழியை அப்படியே பிடித்துக்கொள்வது. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று மாறித்தான் 1911-இல் மதுரையில் கம்பெனி தொடங்கி பஸ் விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது வண்டி ஓட்ட கேஸ் பிளான்ட் (கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கருவி) தயாரித்தார்கள். அந்தந்தக் காலத்தின் தேவைக்கு எடுத்த முடிவுகள் அவை. அதனால் "எந்தக் கம்பெனியில சேர்ந்தீங்க?" என்பதோடு நிற்காமல், "அப்போ நிலைமை எப்படி இருந்துச்சு, வேற என்ன வழி இருந்துச்சு?" என்றும் கேளுங்கள்.

பேசி முடித்து வந்ததும் காணாமல் போகாதீர்கள். அன்றைக்கே இரண்டு வரி நன்றி அனுப்புங்கள். சில வாரம் கழித்து, "நீங்க சொன்ன மாதிரி ஷிஃப்ட் வாரியா பிரிச்சுப் பார்த்தேன் சார், இதைக் கண்டுபிடிச்சேன்" என்று எழுதுங்கள், கண்டுபிடித்தது சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.