சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்ப எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வருகிறவர்கள் பெயரையும் பிறந்த தேதியையும் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். சர்நேம் என்றதும் நின்றுவிடுவார்கள். "இனிஷியல்தாங்க இருக்கு" என்பார்கள், ஏதோ குறை போல. குறை ஒன்றும் இல்லை. பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. பலருக்கு அந்த இடத்தில் சாதிப் பட்டம் இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விடச் சொன்னது. இன்றைக்கு நாம் அது இல்லாமல் பெயர் சொல்கிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால், கட்டம் காலியாக இருக்கிறதே என்று பழைய பட்டத்தைத் தேடி எடுத்துப் போடாதீர்கள்.

சரி, வேறு என்ன போடுவது? பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். மு. கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். அப்பா முருகேசன். கிவன் நேம் கட்டத்தில் கயல்விழி, சர்நேம் கட்டத்தில் முருகேசன். நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். இரண்டு இனிஷியல் இருந்தால் முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், ஒன்று ஊராக இருக்கலாம். ஈ.வெ.ரா.வில் ஈ என்பது ஈரோடு.

சர்நேமைக் காலியாக விடவும் விதி இடம் தருகிறது. ஆனால் நான் விட மாட்டேன். என் தம்பிக்கு அப்படித்தான் விட்டோம். அமெரிக்க விசாவில் அவன் பெயர் முழுக்க சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேமில் 'எஃப்என்யூ' என்று அச்சாகி வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. கல்லூரி அடையாள அட்டையிலும் அதுவே ஏறிவிட்டது. வகுப்பில் அவனை அந்த மூன்று எழுத்தால் கூப்பிட்டார்கள். போனில் சொன்னபோது அவன் குரல் கம்மியது. ஆசையாக வைத்த பெயர் அவனுக்கு இருந்ததே! அப்புறம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்த நடுவில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்பா பெயரைப் போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. வெளிநாட்டில் உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள் என்று பயந்து, சிலர் மாற்றிப் போடச் சொல்வார்கள்: கிவன் நேமில் அப்பா பெயர், சர்நேமில் தன் பெயர். அது இன்னும் மோசம். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தைப் பாருங்கள். ஆனந்த் என்பதுதான் அவர் பெயர், விஸ்வநாதன் அவருடைய அப்பா. வெளிநாட்டுக்காரர்கள் முதலில் இருப்பதுதான் அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டு விஷி என்று சுருக்கிவிட்டார்கள். உங்கள் பெயர் கிவன் நேமில் இருந்தால், பழகுகிறவர்களாவது அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கல்யாணமான பெண்கள் கணவர் பெயரைச் சர்நேமாக மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பா பெயரே தொடரலாம். படிப்புச் சான்றிதழோடும் ஒத்துப்போகும்.

சமர்ப்பிக்கும் முன் அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகளை ஆதாரோடும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்புமுனை போன்ற குறிகளோடு இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து முருகேசன், பின் இரண்டு அம்புமுனை, அதன் பின் கயல்விழி. விமான நிலையத்தின் எந்திரம் படிப்பது இந்த வரியைத்தான். டிக்கெட் எடுக்கும்போதும் இதே பிரிப்பில் பெயரைக் கொடுங்கள்.